மனைவி எம்.எல்.ஏ. ஆகிவிட்டார், என் இடம் எது?

கேள்வி: என் மனைவி கல்லூரி நாளிலிருந்தே கட்சியில் இருப்பவள். மகளிர் அணியில் பல வருடம் உழைத்து, இந்தத் தேர்தலில் எம்.எல்.ஏ. ஆகிவிட்டாள். ஆறு மாதம் ஆகிறது. நான் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அரசுக் கட்டடங்களுக்கு வயரிங் வேலையும் டெண்டரில் எடுத்துச் செய்கிறேன். கடை எங்கள் இருவர் பெயரிலும் பார்ட்னர்ஷிப்பாக இருந்தது. வேட்புமனு தாக்கலுக்கு முன்பு அவள் விலகிக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறோம். இப்போது கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருவதில்லை. டிரான்ஸ்ஃபர், பட்டா, காலேஜ் சீட் என்று மனுவோடு வருகிறார்கள். "மேடத்துகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்கிறார்கள். விழாவுக்குப் போனால் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். போகாவிட்டால் "வீட்டுக்காரருக்குப் பிடிக்கலை போல" என்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் போட்டோவைப் போட்டு யாரோ அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள். கட்சிப் பையன்கள் "நாங்க பார்த்துக்கறோம் அண்ணே" என்கிறார்கள். மனைவி வீட்டுக்கு வரவே இரவு பதினோரு மணி ஆகிறது. நாங்கள் இருவரும் சரியாகப் பேசி நாளாகிவிட்டது. இதற்கு நடுவில் எனக்கும் நகரத்தில் ஒரு கட்சிப் பொறுப்பு தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? மொத்தத்தில், இப்போது என் இடம் எது என்றே எனக்குத் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை எழுத வைத்தது அந்தக் கடைசி வரி என்று புரிகிறது. அதற்கு வருகிறேன். ஆனால் தேர்தல் வழக்குகளும் அரசு ஒப்பந்த வழக்குகளும் நடத்துகிற வழக்கறிஞர் என்ற முறையில் என்னை உலுக்கியது, நடுவில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்: பார்ட்னர்ஷிப்பிலிருந்து மனைவி "விலகிக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறோம்" என்பது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம். மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல் 9ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எம்.எல்.ஏ.வாக இருப்பவர் தன் தொழில் சார்பாக மாநில அரசோடு பொருள் சப்ளைக்கோ வேலைக்கோ போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால், அது நடப்பில் இருக்கும் வரை அவர் தகுதியிழக்கிறார். கணவர் தன் சொந்தப் பெயரில் மட்டும் எடுத்த ஒப்பந்தத்தால் மனைவியின் பதவி தானாகப் போய்விடாது. ஆனால் உங்கள் நிறுவனத்தில் அவரும் பார்ட்னராக இருந்திருக்கிறார். அவர் பார்ட்னராக இருந்த காலத்தில் நிறுவனத்தின் பெயரில் போட்ட ஒப்பந்தம் ஏதாவது இன்னும் முடியாமல் இருக்கிறதா? இருந்தால், "அந்த ஒப்பந்தத்தில் அவரும் ஒரு தரப்பு" என்று எதிராளி வாதாட முடியும். வேலையை முழுதாக முடித்துவிட்டீர்கள், பில் தொகை மட்டும் அரசிடமிருந்து வரவில்லை என்றால் கவலையில்லை. அதை நடப்பு ஒப்பந்தமாகக் கருதக் கூடாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. வேலை பாதியில் நின்றிருந்தால்தான் சிக்கல்.

தேர்தல் முடிவு வந்து 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்குப் போட வேண்டும், அந்தக் கெடு தாண்டிவிட்டது என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மைதான். பதவிக்கு வந்த பிறகு ஏற்படும் தகுதியிழப்பு வேறு வழியில் போகும். அரசியலமைப்பின் 192ஆவது பிரிவின்படி அந்தக் கேள்வி ஆளுநரிடம் போகும். அவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அதன்படி முடிவெடுப்பார். அதற்கு 45 நாள் கணக்கு கிடையாது.

அடுத்தது அந்த விலகல் பத்திரம். இருவர் மட்டுமே பார்ட்னர்களாக இருந்து ஒருவர் விலகினால் பார்ட்னர்ஷிப்பே கலைந்துவிடும். மிஞ்சுகிறவர் தனி உரிமையாளர். அவர் தன் சொந்த பான் எண்ணில் புதிதாக ஜி.எஸ்.டி. பதிவு வாங்க வேண்டும். ஒப்பந்தக்காரர் பதிவையும் மாற்ற வேண்டும். பழைய வங்கிக் கணக்கை மூட வேண்டும். கூட்டு நிறுவனம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். இதெல்லாம் நடந்ததா, இல்லை இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்ததோடு சரியா? இன்றைக்கும் பழைய ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஊரைப் பொறுத்தவரை அவர் இன்னும் உங்கள் பார்ட்னர்தான்.

பத்திரங்களெல்லாம் சரியாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். இனி உங்கள் பெயரில் டெண்டர் எடுக்கலாமா? சட்டம் நேரடியாகக் குறுக்கே வராத இடத்திலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தப் பதவிக்காலம் முடியும் வரை மாநில அரசு வேலையும் உள்ளாட்சி வேலையும் எடுக்காதீர்கள். சப் காண்ட்ராக்டாகவும் வேண்டாம். காரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்தப் பள்ளிக்கு வகுப்பறை, எந்தத் தெருவுக்கு விளக்கு என்று பரிந்துரைப்பவர் உங்கள் மனைவி. அந்த வகுப்பறைக்கு வயர் இழுத்தது நீங்கள் என்றால், வேலை எவ்வளவு தரமாக இருந்தாலும் அந்தக் கட்டடம் அவருக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும். நீங்கள் டெண்டர் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே உதவிப் பொறியாளருக்குக் கை நடுங்கும். மற்ற ஒப்பந்தக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலேயே இத்தனையும் நடந்துவிடும்.

வருமானத்தில் பெரிய துண்டு விழும், தெரிகிறது. இதை உங்கள் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். இருவரும் உட்கார்ந்து, குடும்பத்தின் வரவு செலவைத் திரும்பப் போடுங்கள். தனியார் வீடு, கடை, கல்யாண மண்டப வேலைகளை நன்றாகச் செய்யுங்கள். அதிலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இதுவரை உங்களைத் தெரியாத ஒரு பில்டர் திடீரென்று வந்து, சந்தை விலைக்கு மேலே கொடுத்து வேலை தருகிறார் என்றால் அவருக்கு வேண்டியது வயரிங் இல்லை.

உங்கள் வியாபாரக் கணக்கு இனி ஊர் படிக்கிற கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். வேட்பாளர் தாக்கல் செய்யும் 26ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில் வாழ்க்கைத் துணையின் சொத்து, கடன், பான், வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானம் எல்லாம் உண்டு. 2018இல் லோக் பிரஹரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளரும் துணையும் சார்ந்திருப்போரும் எந்த வழியில் சம்பாதிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்றது. உங்கள் மனைவி அடுத்த முறை நிற்கும்போது இந்த ஐந்து வருடத்தையும் எதிர்க்கட்சிக்காரர் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். கடை நியாயமாக வளர்ந்திருந்தால் அதைக் காட்டும் பில்கள் உங்களிடம் இருக்க வேண்டும். நல்ல ஆடிட்டர் ஒருவரை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள், கட்சிக்காரராக இல்லாத ஒருவரை.

சரி, மனுவோடு வருகிறவர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதுதான். பல கணவர்களுக்கு அது சங்கடமாக இருப்பதில்லை. பஞ்சாயத்துத் தலைவியின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வட மாநிலங்களில் அவருக்குத் தனிப் பெயரே உண்டு. இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் இதை ஆராய ஒரு குழுவே அமைக்க வேண்டி வந்தது. ஒரு பெண் வாக்கு கேட்டு, வெயிலில் நடந்து, வசவு வாங்கி ஜெயித்த பதவி, ஒரு திண்ணைப் பேச்சில் கணவன் கைக்கு மாறிவிடுகிறது. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். அப்படிப்பட்ட அவைக்கு உங்கள் மனைவி போயிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு அங்குலத்தைக்கூட நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்போடு, உதவியாக என்றுகூட வேண்டாம்.

சட்டமும் இதில் கடுமையாகத்தான் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 7ஏ பிரிவு, அரசு ஊழியரிடம் தன் செல்வாக்கைப் பயன்படுத்திக் காரியம் முடித்துத் தருவதாகச் சொல்லி ஆதாயம் பெறுகிற எவரையும் தண்டிக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரையிலான சிறை. பதவியில் இருப்பவராக இருக்க வேண்டியதில்லை, கணவராக இருந்தாலும் பொருந்தும். வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்குகளில் குடும்பத்தாரையும் உடந்தை என்று சேர்த்து விசாரிக்கலாம் என்பது 1999இல் நம் மாநிலத்திலிருந்து போன நல்லம்மாள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் அமைச்சருக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்தே தண்டனை விதித்தது. பிறகு அதை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது என்றாலும், கணவனும் மனைவியும் ஒன்றாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும் என்பதை ஊரே பார்த்தது. அந்த வழக்குகளில் பதவி கணவரிடம் இருந்தது. உங்கள் வீட்டில் மனைவியிடம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே கடையில் மனு வாங்காதீர்கள். ஒரே ஒரு மனுவைக்கூட. வயதான அம்மா ஒருவர் முதியோர் உதவித்தொகைக்கு அலைந்து, உங்கள் கடைப் படியில் உட்கார்ந்து அழுதாலும், தண்ணீர் கொடுங்கள், ஆட்டோ பிடித்து எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அங்கே இருக்கும் பி.ஏ.வுக்கு போன் செய்து "ஒருத்தர் வர்றாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். மனு அங்கே பதிவாகட்டும், அதற்கு ஒரு எண் விழட்டும். உங்கள் சட்டைப் பையில் வைத்த மனுவுக்கு எண் கிடையாது, பதிலும் கிடையாது. அது நிறைவேறினால் உங்கள் தயவு, நிறைவேறாவிட்டால் அவர் மேல் கோபம். அந்த அம்மாவுக்கும் அது நல்லதில்லை.

கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேட் வீட்டிலோ காரிலோ ஒரு தாள்கூட இருக்கக் கூடாது. அவசரத்துக்கு ஆகும் என்று பத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு வைக்கிற பழக்கம் எல்லாக் கட்சியிலும் உண்டு. அதில் யார் என்ன எழுதினாலும் பொறுப்பு அவருடையதுதான். இன்று இரவே தேடிப் பாருங்கள். இருந்தால் அவர் முன்னாலேயே கிழித்துப் போடுங்கள். அவருடைய அலுவலக போனை நீங்கள் எடுக்காதீர்கள். எம்.எல்.ஏ. பாஸ் ஒட்டிய காரில் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகாதீர்கள். பொன்னாடை, பூ, பழம், புத்தகம் தாண்டி வருகிற எதுவும் வந்த கையோடு திரும்ப வேண்டும். மகள் பிறந்தநாளுக்கு ஒருவர் வளையல் கொண்டுவந்தால், "பாப்பாவுக்கு ஆசீர்வாதம் மட்டும் போதும்ணே" என்று அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். கசப்பு வரும். இரண்டு மூன்று பேருக்கு அப்படி நடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

மேடை விஷயம் சின்னது, ஆனால் உங்களை அதிகம் அரிக்கிறது. அரசு விழா என்றால் போகவே வேண்டியதில்லை. போனால் கீழே பார்வையாளர் வரிசையில் உட்காருங்கள். கல்யாண வீடு, துக்க வீடு என்றால் எப்போதும் போலச் சேர்ந்தே போங்கள். அங்கே அவர் எம்.எல்.ஏ. என்பதற்கு முன்பே நீங்கள் உறவுக்காரர்கள். வராவிட்டால் பேசுவார்கள், வந்தாலும் பேசுவார்கள். ஜெர்மனியில் ஏஞ்சலா மெர்கல் 2005இல் நம் பிரதமருக்கு இணையான சான்சலர் பொறுப்பை ஏற்ற அன்று அவருடைய கணவர் யோவாகிம் சவர் விழாவுக்கே வரவில்லை. அவர் வேதியியல் பேராசிரியர். மனைவி பதவியில் இருந்த 16 ஆண்டுகளும் தன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பத்திரிகைகள் கேலி செய்துபார்த்தன, பிறகு விட்டுவிட்டன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊரிலேயே ஒரு வீடு இருந்தது. 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போய் அதன் துணைத் தலைவரும் ஆனவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதித்தபோது அவர் நிபந்தனை வைத்தார்: தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக் கூடாது. சுந்தர ரெட்டியும் ஏற்றுக்கொண்டார். தேவதாசி முறைக்கு எதிராக அந்த அம்மையார் சபையில் பேசியபோது எவ்வளவு ஏச்சு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைக்குச் சட்டமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டில் அப்படி ஒரு சம்மதம் தேவைப்படுகிறது. 2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்தால், இப்போதிருக்கும் 234 இடங்களில் 78 பெண்களுக்கு என்று ஆகும். உங்கள் நிலையில் நிறையக் கணவர்கள் வரப்போகிறார்கள். அவர்களுக்குப் பார்த்துக் கற்றுக்கொள்ள இப்போது ஆளே இல்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். கட்சிப் பையன்களை அனுப்பவே அனுப்பாதீர்கள். அவர்கள் யார் வீட்டுக்காவது போய்க் கதவைத் தட்டினால், மறுநாள் செய்தி "எம்.எல்.ஏ. ஆட்கள் மிரட்டல்" என்றுதான் வரும். உங்கள் மகளுக்கு நடந்தது அதில் காணாமல் போய்விடும். அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, கணக்கின் பெயர், இணைப்பு முகவரி மூன்றும் தெரிய வேண்டும். பிறகு அந்தத் தளத்திலேயே புகார் செய்து நீக்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதிலும் பதியுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நீங்களே நேரில் போங்கள். அப்பா என்ற முறையில் உங்கள் பெயரில் புகார் கொடுங்கள், மனைவியின் பதவியைக் குறிப்பிட வேண்டாம். போட்டோவை ஆபாசமாக மாற்றியிருந்தாலோ பாலியல் பேச்சு இருந்தாலோ, அவள் 18 வயதுக்கு உட்பட்டவள் என்பதால் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் வரக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவளிடம் பேசுங்கள். "அம்மாவோட வேலையால எனக்கு இப்படி ஆச்சு" என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். தப்பு எழுதியவன்மேல்தான், அம்மாமேலும் இல்லை, உன்மேலும் இல்லை என்று அவளுக்கு அப்பா வாயால் கேட்க வேண்டும். பிரசாரத்தில் எடுத்த குடும்பப் போட்டோக்களை மனைவியின் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்போது, உங்கள் இடம்.

நான் குடும்ப ஆலோசகர் இல்லை. ஆனால் பதவியில் இருப்பவர்களின் வீட்டுக்காரர்கள் பலர் என் எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பதவியில் ஒரு பங்கு கிடைத்தால் இந்த வெறுமை போய்விடும் என்று நம்பியவர்கள்தான் அதிகம் உடைந்துபோனார்கள். பதவி போன அன்று அவர்களுக்குக் கடையும் இல்லை, நண்பர்களும் இல்லை. ஆகவே கடையை விடாதீர்கள். அது சோறு போடுகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை; எம்.எல்.ஏ. வீட்டுக்காரர் என்பதைத் தாண்டி உங்களை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது. மனுக்கூட்டம் குறைந்தால் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்கள்.

மனைவியோடு பேச நேரமில்லை என்கிறீர்கள். இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறவரிடம் எதையும் பேச முடியாது, பேசவும் கூடாது. அவருடைய நாட்குறிப்பு பி.ஏ. கையில் இருக்கிறது அல்லவா, அதில் வாரத்தில் ஒரு பொழுதை அவரையே எழுதச் சொல்லுங்கள், ஒரு நிகழ்ச்சியை எழுதுவது போலவே. அந்தப் பொழுதில் யாரும் உள்ளே வரக் கூடாது, வாசலில் நிற்கும் வட்டச் செயலாளர் உட்பட. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது அவர் சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியில் தங்குவார். பள்ளி விடுமுறையோடு ஒத்து வந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கி, அவர் தொகுதிக்காக எழுந்து பேசுவதை ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் வீட்டில் பார்க்கும் களைத்துப்போன மனுஷி எதற்காகக் களைக்கிறார் என்பது அங்கே தெரியும். மகளுக்கும் அது நல்ல மருந்து.

அவரிடம் கேட்க வேண்டியதையும் கேளுங்கள். டெண்டர் வேலையை விடுவது உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டால், இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு சண்டையில் அது வெளியே வரும். அவர் ஜெயித்ததில் உங்கள் உழைப்பும் இருக்கிறது. அதை அவர் வாயால் கேட்க நீங்கள் ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை.

கடைசியாக, அந்தக் கட்சிப் பொறுப்பு. இந்தப் பதவிக்காலத்தில் வேண்டாம். உங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு உங்கள் அரசியல் ஈடுபாடு பற்றித் தெரியாது. உங்கள் வழியாக அவரை அடைய வேண்டும் என்பது மட்டும் தெரியும். நாளைக்கு நகரத்தில் இரண்டு கோஷ்டி மோதினால், ஒன்று உங்கள் பெயரைச் சொல்லும்; அவர் தன் கட்சிக்கும் தன் வீட்டுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். பல வருடம் மகளிர் அணியில் வேலை செய்து மேலே வந்தவர் அவர். நீங்கள் ஆறு மாதத்தில் ஒரு பொறுப்புக்கு வந்தால், தேர்தலுக்கு உழைத்த தொண்டர்களுக்கு என்ன தோன்றும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் பதில் சொல்வதற்கு முன் அவரிடம் கேளுங்கள், மறுக்கிற வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள். அதை அவர் செய்ய வேண்டி வந்தால் கட்சிக்குள் அவருக்கு ஒரு விரோதி கூடும். "எனக்குக் கடைதான்ணே சரி" என்று நீங்கள் சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. அரசியலில் உங்களுக்கே உண்மையான ஆர்வம் இருந்தால், அவர் பதவியில் இல்லாத ஒரு காலத்தில், அடிமட்ட உறுப்பினராக உங்கள் வார்டிலிருந்து தொடங்குங்கள்.

பார்ட்னர்ஷிப் பத்திரம், விலகல் பத்திரம், ஜி.எஸ்.டி. சான்று, நடப்பில் இருக்கும் ஒப்பந்தங்களின் நகல், அவர் தாக்கல் செய்த 26ஆம் படிவம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் மாவட்டத்தில் தேர்தல் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் மனைவியும் கூட வர வேண்டும். அவர் பதவி சம்பந்தப்பட்ட விஷயத்தை அவர் இல்லாமல் முடிவு செய்யாதீர்கள்.